கழிவுநீர்க் குட்டையில் கசடு அள்ளுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையைச் சுற்றியுள்ள கல்லூரி விடுதிகள், குடியிருப்பு வளாகங்கள், அரிசி ஆலைகள், பால் பண்ணைகள் பலவற்றில் கழிவுநீரைத் தேக்க மண்கரை போட்ட குட்டை ஒன்று இருக்கும். அதன் அடியில் ஆண்டுக்கணக்கில் படியும் கசட்டை எப்படி எடுப்பது, எடுத்ததை எங்கே சேர்ப்பது என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். கசடு போய்ச் சேரும் இடம் எழுத்தில் உறுதியாகும் முன் பொக்லைனுக்கோ லாரிக்கோ முன்பணம் கொடுக்காதீர்கள். வாய்க்காலிலும் கண்மாய் உள்வாயிலும் ராத்திரியோடு ராத்திரியாகக் கசடு கொட்டப்படுவதற்குப் பெரிய காரணம், அள்ளிய பிறகு இடம் தேடுவதுதான்.

அள்ள வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குட்டையின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கசடு பிடித்துவிட்டால் நேரம் வந்துவிட்டது. அதற்குமேல் விட்டால் தண்ணீர் தங்கும் காலம் குறைந்து, உள்ளே வந்தது வந்தபடியே வெளியேறத் தொடங்கும். தண்ணீர் வெளியேறும் வெளிவாயில் கருப்புத் துகள்கள் மிதந்து வருவது, கழிவுநீர் நுழையும் உள்வாய்ப் பக்கம் மேடு தெரிவது, முன்பு இல்லாத அழுகல் நாற்றம் ஆகியவை அதற்கான அடையாளங்கள்.

மனிதக் கழிவுநீர் மட்டும் வரும் குட்டையில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 0.04 கன மீட்டர் கசடு படியும் என்று கணக்கு வைக்கலாம். 500 பேர் இருக்கும் விடுதி என்றால் ஆண்டுக்கு 20 கன மீட்டர். 2 முதல் 5 மீட்டர் ஆழமுள்ள, கழிவுநீர் முதலில் வந்து சேரும், அடியில் காற்றுப் புகாத குட்டையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அள்ள வேண்டிவரும். 1 முதல் 1.5 மீட்டர் ஆழமுள்ள பாசி வளர்ந்து பச்சையாகத் தெரியும் அடுத்த குட்டை பத்து ஆண்டுக்கு மேலும் தாங்கும்.

உள்ளே எவ்வளவு கசடு இருக்கிறது என்று அளப்பது எப்படி?

கண் மதிப்பு வேண்டாம், பெரும்பாலும் தவறும். குட்டையின் ஆழத்தைவிட நீளமான நேரான கம்பின் அடிப்பாகத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். கம்பைச் செங்குத்தாக, மெதுவாகத் தரை தட்டும்வரை இறக்கி, பத்து விநாடி வைத்து, அதே மெதுவோடு தூக்குங்கள். கசடு நின்ற உயரம் வரை துண்டு கருத்திருக்கும்.

ஒரே இடத்தில் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. உள்வாய்ப் பக்கம் ஒரு மீட்டர் இருக்கும், வெளிவாய்ப் பக்கம் 20 சென்டிமீட்டர்கூட இருக்காது. நீளத்தில் நான்கு, அகலத்தில் மூன்று என்று 12 இடங்களிலாவது அளந்து சராசரி எடுங்கள். பரிசலிலோ படகிலோ போவதானால் இருவர் போக வேண்டும், இருவருக்கும் மிதவை அங்கி வேண்டும், கரையில் கயிற்றோடு மூன்றாவது ஆள் நிற்க வேண்டும்.

அதை யூனிட், லோடு, டன் கணக்காக மாற்றுவது எப்படி?

கசடு நிற்கும் மட்டத்தில் குட்டையின் பரப்பு 25 க்கு 15 மீட்டர், சராசரிக் கசடு 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 25 × 15 × 0.6 = 225 கன மீட்டர். நம்மூர் யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக ஏறக்குறைய 80 யூனிட். 6,000 லிட்டர் லாரியில் 38 லோடு. பம்பில் ஓட வேண்டி ஒன்றுக்குப் பாதி தண்ணீர் கலந்தால் அதே கசடு 56 லோடு ஆகிவிடும்.

இந்தக் கசட்டில் திடப்பொருள் 8 விழுக்காடு இருந்தால் உலர்ந்த எடை 18 டன்தான், மிச்சமெல்லாம் தண்ணீர். 25 விழுக்காடு வரை வடித்தால் சுமக்க வேண்டியது 72 டன், 60 விழுக்காடு வரை காயவிட்டால் 30 டன். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் வண்டி வாடகையில் பேரம் பேசுவதைவிடத் தண்ணீரை வடிப்பதில் கவனம் செலுத்தினால் பலமடங்கு மிச்சமாகும்.

மாதிரி எடுத்துத் திடப்பொருள் விழுக்காட்டை ஆய்வகத்தில் பார்த்துவிடுங்கள். குட்டைக்குக் குட்டை இது பெரிதும் மாறும்.

எந்த மாதம் நல்லது?

மாசி முதல் வைகாசி வரை. தை மாதக் கடைசியில் மேல் தண்ணீரை இறக்கத் தொடங்கினால் பங்குனி, சித்திரை வெயில் முழுதும் கசட்டைக் காயவைக்கக் கிடைக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் திடீரென்று கோடை மழை அடிக்கும் என்பதால் தார்ப்பாய் கையிருப்பில் இருக்கட்டும். ஆவணிக்குமேல் மாலை நேர இடிமழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை என்று தொடரும். அந்த மாதங்களில் காயப் போட்ட கசடு மீண்டும் கூழாகிவிடும்.

தண்ணீரோடு உறிஞ்சுவதா, வற்றவிட்டு அள்ளுவதா?

குட்டை ஒன்றுதான், கழிவுநீர் வரத்தை நிறுத்த முடியாது என்றால் தண்ணீரோடு உறிஞ்சுவதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டு குட்டை இருந்து, வரத்தை ஒன்றுக்குத் திருப்பிவிட முடிந்தால் வற்றவிட்டு அள்ளுங்கள். நம் வெயிலுக்கு அதுவே மலிவு. வீடுகள் 100 மீட்டருக்குள் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் வற்றும் குட்டை இரண்டு மூன்று வாரம் நன்றாகவே நாறும்.

மேலே நிற்கும் தண்ணீரை எங்கே விடுவது?

வாய்க்காலிலோ, கண்மாயிலோ, வைகைக்கும் கிருதுமாலுக்கும் போகும் ஓடையிலோ விடக்கூடாது. நீர்நிலையில் விடும் கழிவுநீருக்குப் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், நிலப்பாசனத்துக்கு 100 மில்லிகிராம் என்பது விதிகளில் உள்ள வரம்பு. மாதிரியைச் சோதித்து நிலப்பாசன வரம்புக்குள் இருந்தால் தென்னைக்கும் தீவனப்புல்லுக்கும் பாய்ச்சலாம். கீரை, காய்கறிக்குப் பாய்ச்சக் கூடாது.

ஒரு நாளைக்கு 15 முதல் 20 சென்டிமீட்டருக்கு மேல் இறக்காதீர்கள். கரையின் உட்பக்கம் ஆண்டுக்கணக்கில் ஊறிக் கிடக்கிறது. எதிரே தாங்கிய தண்ணீர் சட்டென்று போனால் சரிந்து உள்ளே விழும். கரிசல் மண் கரைகளில் இது சாதாரணமாக நடப்பது. கசட்டுக்கு மேல் 30 சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே கலங்கல் வரும், அதைக் கசடாகவே கருதிக் கையாள வேண்டும்.

பம்ப் போட்டு உறிஞ்சும்போது கொஞ்ச நேரத்தில் வெறும் தண்ணீர்தான் வருகிறது. ஏன்?

குழாய் வாய்க்கு நேரே இருந்த கசட்டை இழுத்ததும் அங்கே ஒரு குழி விழுகிறது. சுற்றியுள்ள கெட்டிக் கசடு சரிந்து வராமல் மேல் தண்ணீர் மட்டும் அந்தக் குழி வழியே இறங்குகிறது. லாரிக்காரர் தொட்டியை நிரப்பிக்கொண்டு போய்விடுவார், குட்டையில் கசடு அப்படியே இருக்கும்.

கசட்டை ஓடும் பதத்துக்குக் கலக்கிக்கொண்டே உறிஞ்ச வேண்டும். குட்டையின் மேல் தண்ணீரையே இன்னொரு பம்பால் எடுத்து, அழுத்தத்தோடு கசட்டின்மேல் பீய்ச்சுங்கள். வெளியிலிருந்து தண்ணீர் சேர்க்காதீர்கள், அதையும் நீங்கள்தான் சுமக்க வேண்டிவரும். திடப்பொருள் 4 முதல் 6 விழுக்காடு இருந்தால் நன்றாக ஓடும், 10ஐத் தாண்டினால் பம்ப் திணறும்.

சாதாரண மோனோபிளாக் இதற்கு ஆகாது. அடியில் கலக்கும் இறக்கையோடு வரும், 4 அங்குல வெளிக்குழாய் கொண்ட, நீரில் மூழ்கும் சேற்று பம்ப் வேண்டும். அதை மிதவையில் தொங்கவிட்டு, இரு கரையிலிருந்தும் கயிறு கட்டி, நாளுக்கு ஒரு பட்டையாக இழுத்துக்கொண்டே போகலாம். கரையில் நிற்கும் உறிஞ்சு லாரி என்றால், லாரிக்கும் கசட்டுக்கும் உள்ள உயரம் 4 மீட்டரைத் தாண்டும்போதே வேகம் குறைந்துவிடும்.

அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் துணி, நாப்கின், ஷாம்பு பாக்கெட். உள்வாயில் 20 மில்லிமீட்டர் இடைவெளிக் கம்பிச் சட்டம் இல்லாத குட்டைகளில் அரைமணிக்கு ஒருமுறை பம்பைத் தூக்க வேண்டியிருக்கும். உள்வாய் அருகே மணலும் படிந்திருக்கும், அது பம்பின் சுழலியைத் தேய்த்துவிடும். அந்த மூலையைக் கடைசியில் பொக்லைனுக்கு விட்டுவிடுங்கள்.

வற்றவிட்டு அள்ளும்போது பொக்லைனை உள்ளே இறக்கலாமா?

கூடாது. மேலே 10 சென்டிமீட்டர் பொருக்கு வெடித்துக் காய்ந்தது போலத் தெரியும், கீழே கூழாகவே இருக்கும். வண்டி புதைந்தால் எடுப்பது பெரும்பாடு. கை நீண்ட பொக்லைனைக் கரையில் நிறுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து அள்ளுங்கள். இயந்திரத்தின் எடையைக் கரையின் மேல் அகலம் தாங்குமா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

அடித்தளம் களிமண் என்றால் கசட்டின் கடைசி 15 சென்டிமீட்டரைத் தொடாமல் விடுங்கள். பக்கெட் பற்கள் களிமண் படுகையைக் கிழித்தால் அடுத்த ஆண்டு பக்கத்துக் கிணறுகளில் தெரியும். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டையில் பொக்லைன் பேச்சே வேண்டாம், பம்ப் மட்டும்தான்.

திருமங்கலம், உசிலம்பட்டி, கள்ளிக்குடி பக்கத்துக் கரிசலில் இன்னொரு சிக்கல் உண்டு. அடித்தரை முழுதும் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்போடு கழிவுநீரைத் திருப்பிவிட்டால் அப்படியே நிலத்தடிக்கு இறங்கும். அள்ளி முடித்த இரண்டு மூன்று நாளுக்குள் தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்கி, உடனே நிரப்புங்கள். கரையில் சீமைக் கருவேல் இருந்தால் இதுவே அதை வேரோடு எடுத்துக் களிமண் வைத்து அடைக்கும் நேரம். வேர் மக்கிய துளை வழியாகத்தான் பல கரைகள் கசிகின்றன.

கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்தை ஆள் இறங்கி வழித்துவிடலாமா?

வேண்டாம். ஒரு நிமிட வேலைக்கும் வேண்டாம்.

கசட்டைக் கலக்கியதும் அடியில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்பைடு வெளியே வரும். அது காற்றைவிடக் கனமானது. குட்டையின் பள்ளத்திலும் பம்ப் தொட்டியிலும் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தெரிந்துவிடும் என்று நம்பி இருக்கக்கூடாது. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, உயிருக்கு உடனடி ஆபத்தும் அந்த அளவில்தான் தொடங்குகிறது. விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் சேர்ந்து இறப்பதே இந்த விபத்துகளின் வழக்கம்.

சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்வதை கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013 ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சாக்கடை மரணத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. குட்டையின் ஆபத்து இவற்றுக்குக் குறைந்ததல்ல. அங்கேயும் அதே கட்டுப்பாட்டைப் பிடியுங்கள். தொகைக்கு ஆசைப்பட்டு ஒப்புக்கொள்பவரின் வறுமையைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கரையில் வேலை செய்பவர்களுக்கும் நான்கு வாயு காட்டும் கருவி ஒன்று வேண்டும். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனாலோ, ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம் தாண்டினாலோ விலகிவிட வேண்டும். காற்று வரும் திசையில் நில்லுங்கள். காற்று அசையாத அதிகாலையிலும் இரவிலும் கலக்காதீர்கள். பொருக்குத் தட்டிய குட்டையைத் தரை என்று நினைத்துக் குழந்தைகளும் ஆடுமாடும் இறங்கும், வேலை முடியும்வரை சுற்றிலும் வேலி இருக்கட்டும்.

உலர்த்தும் படுகை எப்படி அமைப்பது?

அடியில் துளைக் குழாய், அதன்மேல் 30 சென்டிமீட்டர் ஜல்லி (கீழே பெரியது, மேலே சிறியது), அதன்மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் கழுவிய மணல். பொடி மணல் அடைத்துக்கொள்ளும், 0.5 முதல் 0.75 மில்லிமீட்டர் பரல் உள்ளதாக எடுங்கள். கசட்டை 20 முதல் 25 சென்டிமீட்டர் கனத்துக்குத்தான் விட வேண்டும். ஒரே தடவையில் முடிக்கலாம் என்று 40 விட்டால் மேலே பொருக்குக் கட்டி, அடியில் ஒரு மாதமானாலும் காயாது.

மேலே கணக்குப் போட்ட 225 கன மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் கனத்தில் 900 சதுர மீட்டர், அதாவது 22 செண்ட் வேண்டும். அவ்வளவு இடம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் 75 சதுர மீட்டர் உள்ள நான்கு படுகை கட்டி மூன்று சுற்று விடலாம். பங்குனி வெயிலில் ஒரு சுற்றுக்கு 10 முதல் 15 நாள் போதும். தண்ணீர் கலந்து உறிஞ்சினால் நான்கைந்து சுற்றாகும். கை அகல வெடிப்பு விழுந்து, மண்வெட்டியில் கட்டியாகப் பெயர்ந்து வந்தால் எடுக்கலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மணலும் கூடவே போகும், அவ்வப்போது நிரப்ப வேண்டும். வடிந்து வரும் தண்ணீர் சுத்தமானதல்ல, அதைக் குட்டைக்கே திருப்பிவிடுங்கள்.

இடமே இல்லை என்றால்?

ஜியோ பை இருக்கிறது. தண்ணீரை வடியவிட்டுக் கசட்டைப் பிடித்துக்கொள்ளும் நெசவுத்துணிப் பை. கசடு உள்ளே போகும் குழாயிலேயே கசட்டுத் துகள்களைத் திரட்டும் நேர்மின் பாலிமர் கரைசல் கலக்க வேண்டும். உலர்ந்த கசடு ஒரு டன்னுக்கு 4 முதல் 6 கிலோ என்று தொடங்கலாம். ஒரு கிலோவை 500 லிட்டரில் மெதுவாகத் தூவிக் கலக்கி, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கட்டி பிடித்துப் பாதி வீண். எந்த வகை, எவ்வளவு என்பதை முதலில் கண்ணாடிக் குவளையில் சோதித்துப் பாருங்கள். கசடு திரித் திரியாகப் பிரிந்து தெளிநீர் நின்றால் அளவு சரி. வழவழவென்று நூல் பிடித்தால் மிகை. பையின் உயர வரம்பைத் தாண்டி நிரப்பினால் தையல் விட்டுவிடும்.

கண்மாய் வண்டலைப் போல இதையும் வயலுக்கு அடிக்கலாமா?

அடிக்கடி வரும் கேள்வி, ஆபத்தானதும்கூட. கண்மாய் வண்டல் மழைநீர் கொண்டுவந்த மண். குட்டைக் கசட்டில் குடற்புழு முட்டைகள் இருக்கும். வெயிலில் சில வாரம் காய்ந்தாலும் அவை சாகாது. பச்சையாக வயலில் இறைத்தால் வெறுங்காலோடு களை எடுக்கும் பெண்களைத்தான் முதலில் பாதிக்கும்.

பதப்படுத்திய பிறகு நல்ல எருதான். உலர்ந்த எடையில் தழைச்சத்து 1 முதல் 3 விழுக்காடு இருக்கும், மணிச்சத்தும் உண்டு, சாம்பல்சத்து தண்ணீரோடு போய்விடுவதால் குறைவு. தென்னை, தேக்கு, சவுக்கு, பருத்திக்குப் போடலாம். தீவனப்புல்லுக்குப் போட்டால் 30 நாள் கழித்தே அறுக்க வேண்டும். கீரை, முள்ளங்கி, வெங்காயம், நிலக்கடலைக்கு வேண்டாம். மல்லிகைக்குக் கேட்கிறார்கள், செடி தாழ்வானது, விடியற்காலையில் வெறுங்கையால் பூப்பறிப்பது, அதனால் முழுதாக மக்கிய உரம் தவிர வேறெதுவும் கூடாது என்பது எங்கள் கருத்து. ஏக்கருக்கு ஆண்டுக்கு உலர் கணக்கில் 2 டன்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மண் பரிசோதனை பார்த்துப் போடுங்கள்.

உரமாக மக்கவைப்பது எப்படி?

கசடு 25, 30 விழுக்காடு திடப்பதம் வந்ததும், ஒரு பங்கு கசட்டுக்கு இரண்டு பங்கு வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கொள்ளளவில் கலந்து, 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்துக்கு அம்பாரம் போடுங்கள். சோழவந்தான், வாடிப்பட்டி பக்கம் இவற்றுக்குப் பஞ்சமில்லை. நார்க்கழிவு மட்டும் போட்டால் மக்க நாளாகும், வைக்கோலும் கலக்கட்டும். உறை போட்ட கையால் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். புரட்டாவிட்டால் வெளிப்புறம் சூடு காணாது, அங்கே புழு முட்டை தப்பிவிடும். சூடு ஏறவில்லை என்றால் ஈரம் அதிகம் அல்லது அம்பாரம் சிறிது. பிறகு ஒன்றரை மாதம் ஆறவிடுங்கள். மக்கவைக்க வசதி இல்லாதவர்கள் உலர்ந்த கசட்டைக் கூரைக்கடியில், மழை படாமல், ஓராண்டுக்கு மேல் சேமித்து வைக்கலாம். இடையில் புதுக்கசடு சேர்த்தால் கணக்கு முதலிலிருந்து.

விற்பதானால் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்புகள் பொருந்தும்: கிலோவுக்குக் காட்மியம் 5, குரோமியம் 50, ஈயம் 100, நிக்கல் 50 மில்லிகிராம்.

சுண்ணாம்பு போட்டால் போதாதா?

நாற்றமும் பாக்டீரியாவும் அடங்கும். கசட்டின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 12ல் இரண்டு மணி நேரம் நின்று, அடுத்த 22 மணி நேரம் 11.5க்குக் குறையாமல் இருக்க வேண்டும். உலர்ந்த கசடு டன்னுக்கு 200 முதல் 250 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். நம் எடுத்துக்காட்டுக்கு நான்கு டன். ஆனால் புழு முட்டை இதில் முழுதும் சாகாது. ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து மிகுந்த கரிசலுக்கு இந்தக் கசடு ஏற்றதும் அல்ல.

சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீர் சேரும் குட்டை என்றால்?

மேலே எருவைப் பற்றிச் சொன்னது எதுவும் பொருந்தாது. இரசாயனக் கசடு 2016 ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்கீழ் வரும். 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியோடு, கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்று பதியும் படிவம் 10 சீட்டுடன், கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்குத்தான் போக வேண்டும். விடுதிக் கழிவோடு கொஞ்சம் சாயத் தண்ணீர் கலந்தாலும் மொத்தக் கசடும் இந்தக் கணக்கில் போய்விடும் என்பதால் ஆரம்பத்திலேயே தனித்தனியாக விடுங்கள்.

மாநகராட்சிச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டலாமா?

மதுரை மாநகராட்சிக்கு அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் நிலையங்கள் உள்ளன. உரிமம் பெற்ற லாரியில், முன்அனுமதியோடு மட்டுமே. வீட்டுச் செப்டிக் டேங்க் கழிவைவிடக் குட்டைக் கசடு பலமடங்கு கெட்டி. ஒரே நாளில் பத்து லோடு கொண்டுபோனால் நிலையத்தின் நுண்ணுயிர்ச் சமநிலை குலையும், அதனால் மறுப்பதும் நியாயமே. கடிதத்தில் மொத்த அளவு, திடப்பொருள் விழுக்காடு, நாளுக்கு எத்தனை லோடு என்று எழுதிக் கேளுங்கள்.

கசட்டைக் கரைக்கும் பொடி, திரவம் விற்கிறார்களே?

மணலையும் சாம்பலையும் எந்த நுண்ணுயிரும் தின்னாது. பழைய குட்டையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அதுதான். அந்தப் பணத்தை உள்வாய்க் கம்பிச் சட்டத்துக்குச் செலவிடுங்கள்.

ஒப்பந்தம் எப்படிப் போடுவது?

லோடு கணக்கில் போடாதீர்கள், தண்ணீருக்குப் பணம் கொடுப்பீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் இரு தரப்பும் சேர்ந்து வெள்ளைத் துண்டால் அளந்து, குறைந்த கன மீட்டருக்குப் பணம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் கொட்டிய இடத்தின் ரசீது வந்தால்தான் அந்த வண்டிக்குப் பணம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அள்ளி முடித்த பிறகும் நாற்றம் போகவில்லையே?

முழுதாக வழித்துவிட்டால் செரிமான நுண்ணுயிர்களும் போய்விடும், புதுக்குட்டை போலப் புளித்து நாறும். அதனால் அள்ளும்போதே ஐந்தில் ஒரு பங்கு பழைய கசட்டை விதையாக விட்டுவையுங்கள். வழித்தாகிவிட்டது என்றால், அருகில் நன்றாக இயங்கும் குட்டையின் கசடு இரண்டு மூன்று லோடு கொண்டுவந்து விடுங்கள். முதல் மாதம் வரத்தைப் பாதியாகக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். பிஎச் 6.5க்குக் கீழே இறங்கினால் சுண்ணாம்புப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்வாயில் விட்டு 7க்குக் கொண்டுவாருங்கள். நம் வெப்பத்தில் நான்கு முதல் ஆறு வாரத்தில் நாற்றம் அடங்கும்.